களைப்பு இல்லை என்ற கிளை

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை அக்காவுக்கு விளங்கப்படுத்த என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்றால் ஊசி போடத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மருந்துத் துண்டாவது எழுதத் தெரிய வேண்டும். எனக்கு இரண்டும் தெரியாது. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், புதிய மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவொன்றில், கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவன் நான். "அப்ப கணக்கப்பிள்ளையா?" என்று கேட்டார் அக்கா. தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கலஹாவுக்கு மேலே அக்கா இருந்த தோட்டத்தில் அந்தப் பட்டம் எனக்கு நிலைத்துவிட்டது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர் அக்கா. இதை உருக்கமாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "மலைக்குப் போனா சம்பளம், சம்பளம் வந்தா சோறு. இதுல என்னா பெரும?" என்பார். ஐம்பது வயது தாண்டியதும் அவருடைய இதயம் தளரத் தொடங்கியது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்துகொண்டு தூங்கினார். கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் ஓரளவு தாங்கிப் பிடித்தன. பிறகு அதே கிளினிக்கில் ஒரு புது மருந்தைச் சோதிப்பதற்கு ஆள் சேர்த்தார்கள். டொக்டர் வாய் திறந்து கேட்டுவிட்டாரே என்பதற்காகவே அக்கா கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார்.

நான் அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். சோதனையை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். என் அக்காவும் இதில் இருக்கிறார் என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன்.

"ஓம், அது பிரச்சினையில்லை," என்றார். "உங்களுக்கு வாறது வெறும் இலக்கம்தான். ஆர் எவர் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஆனா ஒண்டு, மருந்தைப் பற்றி அக்காவோட கதைக்கக் கூடாது."

சோதனையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மற்றப் பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்று முடியும் வரை டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அக்கா தேறி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கால் வீக்கம் வற்றியது. தலையணை ஒன்றாகக் குறைந்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு மேட்டுக் கோயில் வரை ஏறிப் போய், ஏறியதைப் பற்றி எல்லோரிடமும் அலட்டிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எது கொடுத்தாலும் சிலர் தேறுவார்கள், வெற்றுக் குளிசை குடித்தவர்களிலும் தேறினவர்கள் உண்டு என்று எனக்குள் இருந்த கணக்கப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தான். அவனை நான் கண்டுகொள்ளவில்லை.

சோதனை முடிந்து கணக்குப் பார்த்தபோது முடிவு சப்பென்று இருந்தது. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் மருந்து ஏதோ கொஞ்சம் உதவியது போல இருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். மருந்தைத் தயாரித்தவர்கள் அடுத்த கட்டத்துக்கு எல்லோரையும் சேர்க்க மாட்டோம் என்றார்கள். எந்த வகையான நோயாளிக்கு இது நன்றாக உதவுகிறது என்று காட்டுங்கள், அந்த வகையினருக்கு மட்டும் தொடர்ந்து தருகிறோம் என்றார்கள். டொக்டர் என்னிடம் வந்து, "மரத்தை வளர்த்துப் பாருங்கோ," என்றார்.

மரம் என்று நாங்கள் சொல்வது ஒரு கணக்கு முறை. நோயாளிகள் எல்லோரையும் ஒரே குவியலாக வைத்துக்கொண்டு கொம்பியூட்டர் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டுப் பார்க்கும். வயது கூடியவரா, குறைந்தவரா? சீனி வருத்தம் உண்டா, இல்லையா? மருந்து குடித்தவருக்கும் வெற்றுக் குளிசை குடித்தவருக்கும் உள்ள வித்தியாசம், கேள்வியின் ஒரு பக்கத்தில் பெரிதாகவும் மற்றப் பக்கத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்க வேண்டும். அப்படி நன்றாகப் பிரிக்கும் கேள்வி எதுவோ அதில் குவியலை இரண்டாகப் பிளக்கும். பிறகு ஒவ்வொரு பாதியையும் அதே மாதிரிப் பிளக்கும். சும்மா விட்டால் கிளைக்கு மேல் கிளையாக விட்டு, கடைசியில் நாலு பேர் உள்ள நுனியில் நின்றுகொண்டு, இவர்களுக்கு மருந்து அற்புதமாக வேலை செய்கிறது என்று புளுகும். அதனால் வெட்ட வேண்டும். தேயிலைச் செடியைக் குறுக வெட்டுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்பார்கள்; நானும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். ஒரு தடவை அக்காவிடம் சொன்னபோது, "இதுக்கா கம்பஸுக்கு அனுப்புனேன்? கவ்வாத்து வெட்டத் தோட்டத்துலயே ஆளு இருந்தாங்களே," என்று சிரித்தார்.

வளர்த்து, வெட்டிப் பார்த்தபோது மரத்தில் ஒரே ஒரு பிளவுதான் உறுதியாக நின்றது. சோதனையில் சேரும்போது கேட்ட ஒரு கேள்வி அது: 'படியேறும்போது களைப்பு உண்டா?' உண்டு என்றவர்களுக்கு மருந்து நன்றாக உதவியிருந்தது. இல்லை என்றவர்களுக்கு மருந்தும் ஒன்றுதான், வெற்றுக் குளிசையும் ஒன்றுதான்.

டொக்டருக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். நோயின் அறிகுறி உள்ளவர்களுக்கு மருந்து உதவுகிறது என்பது நியாயமாகத்தானே இருக்கிறது? அன்று பின்னேரம், அதுவரை ஒட்டி வைத்திருந்த உறைகளைப் பிரித்துப் பெயர்களை எடுத்து, யாருக்கு எது கொடுத்தது என்று டொக்டர் பார்த்தார். பிறகு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்காவுக்கு உண்மையான மருந்துதான் குடுத்திருக்கு," என்றார். "ஆனா அவா 'இல்லை' பக்கம் நிக்கிறா."

இல்லை பக்கம் என்றால் அக்காவுக்கு இனி மருந்து கிடையாது. கடையில் வாங்கக் கூடிய மருந்தும் இல்லை அது. இன்னும் விற்பனைக்கே வரவில்லை. பழைய குளிசைகளுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு முதலில் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு அந்த இல்லை குவியலைத் திறந்து பார்த்தேன். பெயர் இருக்காது, வயது, ஆணா பெண்ணா, எந்த மொழியில் கேட்டது, இதயத்தின் பலம் எவ்வளவு என்பவை இருக்கும். அதில் பெரும்பாலும் தமிழில் பதில் சொன்ன பெண்கள். அவர்களில் பலருடைய இதயம் அக்காவுடையதைப் போலவே தளர்ந்து போனது. இவ்வளவு தளர்ந்த இதயத்தோடு படியேறி, ஒன்றும் இல்லை என்கிறார்களா? தமிழ் பேசும் மடவளைப் பக்கத்துக் கடைக்காரர்களோ, டொக்டர் முன்பு சொல்லியிருந்தபடி, களைப்பு உண்டா என்று கேட்டதும் கடைக்கதை வீட்டுக்கதை எல்லாம் சேர்த்து உண்டு என்றிருந்தார்கள். சிங்களத்தில் அந்தக் கேள்விக்கு 'ஹதிய' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். அது மூச்சு வாங்குவது. அதில் குழப்பம் கிடையாது.

சோதனைதான் முடிந்துவிட்டதே, இனிக் கதைத்தால் என்ன என்று நினைத்து, வந்த ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் ஏறினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, ஆஸ்பத்திரியில உங்ககிட்ட களைப்பு இருக்கான்னு கேட்டாங்கதானே?"

"கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

"படியேறினா மூச்சு வாங்கலையா?"

"அது வாங்கத்தான் செய்யும். கீழ பீலிக் கொழாயில இருந்து தண்ணி தூக்கிக்கிட்டு ஏறுனா யாருக்குத்தான் வாங்காது?"

"அப்ப அது களைப்பு இல்லையா?"

அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "களைப்புங்கிறது ஒடம்பு வளையாதவ சொல்றது தம்பி. பேனா வச்சிருக்கிறவங்க வந்து களைப்பா இருக்கான்னு கேட்டா ஆமான்னு சொல்லலாமா? அரைப்பேரு போட்டுட்டுப் போயிருவாங்க. ஏன், உன் வேலையில எதும் சிக்கலா?"

ஒன்றும் இல்லை என்று சொன்னேன். முழுநாள் வேலை செய்தால்தான் தோட்டத்தில் பேர். பாதியில் முடியாமல் போனால் அரைப்பேர், அரைச் சம்பளம். இது நான் பிறந்ததிலிருந்து கேட்ட சொல். இத்தனை காலம் அந்தக் கேள்வியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை டொக்டரிடம் சொன்னபோது அவர் தமிழ்க் கேள்வித்தாளை எடுத்துப் பிரித்தார். தமிழ் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

"எங்கட பக்கம் களைக்குது எண்டா மூச்சு வாங்குது எண்டுதான்," என்றார். "ஓடிவந்த பிள்ளையைக் களைக்குதோ எண்டுதான் கேக்கிறது. இதுக்குள்ள இப்பிடி ஆள் விழுற கிடங்கு ஒண்டு இருக்கெண்டு ஆர் கண்டது?"

அப்படியானால் இல்லை என்ற பெண்களைக் கூப்பிட்டு மறுபடியும் கேட்கலாமா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. சேரும்போது எப்படி இருந்தது என்பதை, மருந்து குடித்து முடித்த பிறகு கேட்டு என்ன பயன்? தேறினவர் ஒரு விதமாகச் சொல்வார், தேறாதவர் இன்னொரு விதமாகச் சொல்வார். அந்தக் கேள்வியையே தூக்கி எறிந்துவிட்டு மரத்தை மறுபடியும் வளர்த்தேன். இப்போது முதல் பிளவு வயதில் விழுந்தது. நோயாளிகளில் சிலரை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். ஒரு தடவை சிறுநீரகத்தில் பிளந்தது, ஒரு தடவை இரத்த அழுத்தத்தில். ஒவ்வொரு மரமும் அதற்கு முந்தியது பொய் என்றது. டொக்டர் சொன்னதையும் வயதையும் சேர்த்துப் பார்த்து அக்காவின் இலக்கம் எது என்று இப்போது கண்டுபிடித்திருந்தேன். ஒரு மரத்தில் அது உதவும் பக்கம் நின்றது, அடுத்த மரத்தில் உதவாத பக்கம் நின்றது. எனக்குப் பிடித்த மரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகவில்லை. ஆனால் ஆசை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

இந்த முறையில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். குவியலைப் பற்றி அது பேசும். ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். அக்கா மேட்டுக் கோயிலுக்கு ஏறியது மருந்தாலா, அல்லது அந்த வருடம் தானாகவே தேறியிருப்பாரா? மருந்து குடித்த அக்காவையும் குடிக்காத அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இருந்தது ஒரு அக்கா.

டொக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். மருந்துக்காரர்கள் அறிகுறி உள்ளவர்களை மட்டும் சேர்ப்பது என்பதில் பிடிவாதமாக நின்றார்கள். ஆனால் இரண்டாவது சோதனைக்கு எல்லோரையும் புதிதாகக் கேட்கலாம், தமிழ்க் கேள்வியையும் திருத்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். களைப்பு என்ற சொல் போய், 'படியேறும்போது மூச்சு வாங்குகிறதா?' என்று வந்தது. ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடி அனுமதி தர மாதக்கணக்கில் எடுத்தது. அதற்குள் அக்காவின் காலில் வீக்கம் திரும்பிவிட்டது. தலையணைகளும் திரும்பி வந்தன. நான் போகும் போதெல்லாம் எழுந்து நின்று, ஒன்றும் இல்லாதவர் போலத் தேத்தண்ணி ஊற்றப் போவார். அடுப்படியில் இருந்து மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கும்.

"அவாவுக்கு இனி ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ," என்று டொக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "முதல்ல கேட்டதே பிழை. இனி நீங்கள் கதைச்சது தெரிஞ்சா அவாவைச் சேர்க்கேலாமல் போயிடும். கேள்வி இப்ப சரியாத்தானே இருக்கு. அவா உள்ளதைச் சொன்னாச் சரி." எனக்கும் அது சரியென்றே பட்டது. சொல்தானே பிழை? சொல்லைத் திருத்திவிட்டோம். நான் வாயைத் திறக்கவில்லை.

கூப்பிட்ட நாளில் அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கிளினிக் மேல் மாடியில். நான் வந்து பார்க்கும்போது நல்ல சேலை கட்டி, மர வாங்கில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு வெள்ளென ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மாதான்," என்றார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து, கையை நீட்டி அதை நேராக்கிவிட்டார். கேள்வி கேட்கும் அறைக்குள் நான் போகக் கூடாது. ஆனால் கதவுக்குப் பதிலாக ஒரு திரைதான் இருந்தது, நான் வெளியே நின்றேன்.

"படியேறேக்க மூச்சு வாங்குதோ அக்கா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லீங்க டொக்டர்."

"மேட்டில ஏறேக்க? தண்ணி தூக்கேக்க? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அதெல்லாம் முந்தி. நீங்க குடுத்த மருந்தக் குடிச்சதுல எல்லாம் சுகமாயிருச்சி. சொகமா இருக்கேங்க."

டொக்டர் அதே கேள்வியை வேறு விதமாகவும் கேட்டார். படுத்தால் எப்படி என்று கேட்டார். நோயாளி தன் வாயால் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. காலைப் பார்த்தால் வீக்கம் தெரியும்தான், ஆனால் விதியில் கால் இல்லை. திரையின் இந்தப் பக்கம் நின்று நான் என் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அக்கா பொய் சொல்கிறார் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் அவரை வெளியே எடுத்துவிடுவார்கள். கத்தாவிட்டாலும் வெளியேதான்.

அக்கா வெளியே வந்ததும் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். வழியில் நின்றார். மதிலைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். இனி மறைக்கத் தேவையில்லை என்ற மாதிரி.

"ஏன் அக்கா இல்லன்னு சொன்னீங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாங்குதுன்னு சொல்லியிருந்தா மருந்து கெடைக்க வழி இருந்திருக்குமே."

அக்கா பேச முடியும் வரை காத்திருந்து பேசினார். "அன்னைக்கி நீ ஓடி வந்து கேட்டப்பவே நெனச்சேன், இந்த மருந்தால உன் வேலைக்கி ஏதோ சிக்கல்னு. அவ்வளவு மருந்தக் குடிச்சிட்டு இன்னும் மூச்சு வாங்குதுன்னு சொன்னா, மருந்து சரியில்லன்னு தானே எழுதுவாங்க? உன் மருந்துக்கு நானே கெட்ட பேரு வாங்கிக் குடுக்கவா? அதான் விடிய முந்தி வந்து, மூச்சு அடங்குற வரைக்கும் ஒக்காந்திருந்தேன்."

அவரை அந்த மதிலடியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். நடந்ததை டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்ப அவா வந்து மாத்திச் சொன்னா, நீங்கள் சொல்லிக் குடுத்ததெண்டுதான் ஆகும்," என்றார். "நான் நம்புறன். நான் நம்பி என்ன?" திரும்பி வந்து அக்காவைப் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தேன். என் வேலைக்கு இனி ஒன்றும் ஆகாதுதானே என்று கேட்டார். ஆகாது என்றேன்.

இரண்டாவது சோதனை நன்றாக முடிந்தது. மூச்சு வாங்குகிறது என்று சொன்னவர்களுக்கு மருந்து உதவுகிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. கணக்குப் பார்த்தவன் நான்தான். முடிவைச் சொல்லும் கூட்டத்தில், பின் வரிசையிலிருந்து யாரோ ஒருவர் எழுந்து, இல்லை என்று சொன்னவர்களுக்கும் இது உதவியிருக்குமா என்று கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். அவர்கள் யாருக்கும் இந்த முறை மருந்து கொடுக்கவில்லை, அதனால் அதைச் சொல்ல முடியாது என்று பதில் சொன்னேன். சரியான பதில்தான். அக்காவின் கருமாதிக்கு எடுத்த லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தேன்.